பூக்குழி சுடவில்லை, பருப்பு சுட்டுவிட்டது: வெப்பமும் வெப்பநிலையும் ஒன்றா?

ஞாயிறு வகுப்பு (சாட்ஸ்வொர்த், டர்பன்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பகுதிச் சிறுவர்களுக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுப்பவள். அறிவியல் பள்ளிக்கூடத்தோடு என்னை விட்டுப் போய்விட்டது. சென்ற வாரம், ஏழாம் வகுப்பில் படிக்கும் ஒரு மாணவன் தன் அறிவியல் பாடத்தில் வரும் இரண்டு ஆங்கிலச் சொற்களைக் காட்டி, இவற்றுக்குத் தமிழில் என்ன என்று கேட்டான். வீட்டில் பேசும் வழக்கப்படி இரண்டுக்குமே "சூடு" என்று சொல்லிவிட்டேன். அப்படியானால் ஆங்கிலத்தில் மட்டும் எதற்கு இரண்டு சொல் என்று அவன் திருப்பிக் கேட்டபோதுதான் அகராதியை எடுத்துப் பார்த்தேன். ஒன்றுக்கு "வெப்பம்" என்றும் மற்றொன்றுக்கு "வெப்பநிலை" என்றும் இருந்தது. சொற்கள் கிடைத்தனவே தவிர, அவற்றுக்கிடையே என்ன வேறுபாடு என்பது எனக்கு விளங்கவில்லை.

அவன் அத்துடன் விடவில்லை. புனித வெள்ளியன்று அவனுடைய மாமா மாரியம்மன் கோயிலில் பூக்குழி இறங்கினார். காலில் ஒரு கொப்புளம்கூட இல்லை. அதே நாள் மதியம் அன்னதானத்தில் பரிமாறும்போது, அண்டாவிலிருந்த பருப்பு ஒரு கரண்டியளவு மணிக்கட்டில் சிந்தி, தோல் வெந்து கொப்புளித்துவிட்டது. "நெருப்புதானே டீச்சர் பருப்பைவிட அதிகச் சூடு?" என்று கேட்கிறான். காலைக் காத்தது அம்மன் அருள் என்று நான் சொல்லலாம், எனக்கு அந்த நம்பிக்கை உண்டு. ஆனால் பையன் கேட்பது காலைப் பற்றி மட்டுமன்று. குறைந்த சூடுள்ள பருப்பு ஏன் சுட்டது என்பதையும் அவன் கேட்கிறான். அறிவியல் தெரிந்தவர்கள், ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும்படி தமிழில் விளக்குவீர்களா?

தென்கரை (ஃபீனிக்ஸ்) எழுதியது:

வணக்கம் அம்மா. இது எளிய விஷயந்தான். ஒரு பொருளுக்குள் அடங்கியிருக்கும் சூட்டின் மொத்த அளவு வெப்பம். அந்தச் சூடு எவ்வளவு செறிவாக இருக்கிறது என்பது வெப்பநிலை. பிராய் அடுப்பில் (இறைச்சி சுடும் தணல் அடுப்பில்) உருளைக்கிழங்கை அலுமினியத் தாளில் சுற்றிச் சுடுகிறோம் அல்லவா? எடுத்தவுடன் தாளை வெறும் விரலால் பிரித்துவிடலாம், ஆனால் கிழங்கைத் தொட முடியாது. இரண்டும் ஒரே தணலில் ஒரே நேரம் கிடந்தவை. தாள் மெல்லியது, எனவே அதனுள் வெப்பம் குறைவு. கிழங்கினுள் வெப்பம் அதிகம். பூக்குழிக்கும் பருப்புக்கும் இதுவே விடை என்று நினைக்கிறேன்.

பழைய இயற்பியல் ஆசிரியர் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்) எழுதியது:

சகோதரியின் மாணவன் கேட்டது நல்ல கேள்வி. முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தப் பாடத்தை நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: இதில் தடுமாறாத மாணவரை நான் கண்டதில்லை. தென்கரை தம்பி கொடுத்த அலுமினியத் தாள் எடுத்துக்காட்டு மிகப் பொருத்தமானது, அதை அப்படியே வகுப்பில் பயன்படுத்தலாம். ஆனால் "பொருளுக்குள் அடங்கியிருக்கும் வெப்பம்" என்று அவர் எழுதியதை மட்டும் திருத்த வேண்டும், ஏனெனில் குழப்பம் முழுவதும் அந்த ஓர் இடத்திலிருந்துதான் கிளம்புகிறது.

ஒரு பொருளுக்குள் இருப்பதை இயற்பியல் "அக ஆற்றல்" என்கிறது. அது அப்பொருளின் மூலக்கூறுகள் அனைத்தும் அசைவதாலும் ஒன்றையொன்று ஈர்ப்பதாலும் கொண்டுள்ள ஆற்றலின் மொத்தம். வெப்பநிலை என்பது அந்த மூலக்கூறுகள் சராசரியாக எவ்வளவு வேகத்துடன் அசைகின்றன என்பதோடு தொடர்புடையது. பொருள் பெரிதா சிறிதா என்பதற்கு அதில் இடமில்லை. வெப்பம் என்ற சொல்லோ, வெப்பநிலை கூடிய பொருளிலிருந்து குறைந்த பொருளுக்கு, அந்த வேறுபாட்டின் காரணமாகக் கடந்து செல்லும் ஆற்றலுக்கு மட்டுமே உரியது. மழையை நினைத்துக்கொள்ளுங்கள். வானிலிருந்து விழும்போதுதான் அதற்கு மழை என்று பெயர், குளத்தில் சேர்ந்தபின் அது தண்ணீர். குளத்தில் எவ்வளவு மழை இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அதுபோலவே, ஒரு குவளை நீரில் எவ்வளவு வெப்பம் இருக்கிறது என்ற கேள்வியும் பொருந்தாது. எவ்வளவு வெப்பம் அதற்குள் சென்றது, எவ்வளவு வெளியேறியது என்று கேட்கலாம்.

அளவுகளும் வேறு. வெப்பநிலையை டிகிரி செல்சியஸிலோ கெல்வினிலோ சொல்கிறோம். வெப்பம் ஆற்றல் ஆதலால் அதை ஜூலில் சொல்கிறோம். ஒரு கிராம் நீரின் வெப்பநிலையை 1 டிகிரி உயர்த்த ஏறத்தாழ 4.2 ஜூல் வேண்டும். அதே ஒரு கிராம் இரும்புக்கு 0.45 ஜூல் போதும்.

தமிழில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. காய்ச்சல் பார்க்கும் கருவியை நாம் "வெப்பமானி" என்கிறோம். பெயரைப் பார்த்தால் வெப்பத்தை அளப்பது போலத் தோன்றும், ஆனால் அது அளப்பது வெப்பநிலையை. "வெப்பநிலைமானி" என்று எழுதுபவர்களே சரியாக எழுதுகிறார்கள். சகோதரி சொன்ன "சூடு" என்ற சொல்லைப் பேச்சில் தாராளமாகப் பயன்படுத்தலாம், அதில் குற்றமில்லை. ஆனால் அது இரண்டு பொருளையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு நடக்கும் சொல். அறிவியல் வகுப்பில் அந்தப் பையைப் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

இனிப் பூக்குழிக்கு வருகிறேன். மாமாவின் பாதத்துக்கும் மணிக்கட்டுக்கும் வெளியில் இருந்த வெப்பநிலைகளை மட்டும் ஒப்பிட்டால் பையன் சொல்வது முற்றிலும் சரி. 1935 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில், காஷ்மீரைச் சேர்ந்த குதா பக்ஸ் என்பவர் ஆய்வாளர்கள் முன்னிலையில் தீ மிதித்தபோது, தணலின் மேற்பரப்பு ஏறத்தாழ 430 டிகிரி செல்சியஸ் என்று அளந்தார்கள். அண்டாவிலிருந்த பருப்பு எவ்வளவு கொதித்தாலும் 100 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் தோல் வெந்துபோவதைத் தீர்மானிப்பது வெளியிலிருக்கும் பொருளின் வெப்பநிலை மட்டுமன்று. எத்தனை ஜூல் தோலைக் கடந்து உள்ளே உயிருள்ள பகுதி வரை சென்றது, எவ்வளவு நேரத்தில் சென்றது என்பதும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கிறது.

எரிந்து தணலான மரக்கரி வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும் பொருள். இரும்பின் கடத்துத்திறன் அதைவிடப் பல நூறு மடங்கு. பாதம் பட்டவுடன் கரியின் மேல்தோல் போன்ற மெல்லிய பகுதி தன் ஆற்றலைக் கொடுத்துக் குளிர்ந்துவிடுகிறது. உள்ளே இன்னும் செந்தணலாக இருந்தாலும், அங்கிருந்து வெப்பம் மேலே வந்து சேர்வதற்குள் நடப்பவரின் கால் அடுத்த இடத்துக்குப் போய்விடும். கரி எடை குறைந்தது, துளைகள் நிறைந்தது, ஆகையால் கொடுப்பதற்கும் அதனிடம் அதிகமில்லை. மேலே படிந்த சாம்பல் இன்னொரு தடை. பாதத்தின் அடித்தோலோ, குறிப்பாக வெறுங்காலில் நடந்து பழகியவர்களுக்கு, உடம்பிலேயே தடித்தது. அரை விநாடியில் வெப்பம் அத்தோலுக்குள் கால் மில்லிமீட்டர் அளவுதான் ஊடுருவும்.

பருப்பின் கதை இதற்கு நேர்மாறானது. அது பெரும்பாலும் நீர், எனவே ஒவ்வொரு கிராமும் ஒவ்வொரு டிகிரிக்கும் நிறையக் கொடுக்கும். 10 கிராம் பருப்பு 90 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு ஆறும்போது ஏறத்தாழ 2,100 ஜூல் வெளியேறும். அதற்கு மேல் அது குழைந்து ஒட்டிக்கொள்ளும், உதறினாலும் போகாது. மணிக்கட்டின் தோலோ மெல்லியது. தீபாவளிக்குப் பிள்ளைகள் பிடிக்கும் கம்பி மத்தாப்பின் பொறியை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தப் பொறி 1,000 டிகிரிக்கு மேல் இருக்கும். அதன் எடை ஒரு மில்லிகிராமின் நூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், 1,000 டிகிரி ஆறுவதற்குள் அது கொடுக்கக்கூடியது 0.005 ஜூல்கூட இல்லை. சிந்திய பருப்பு கொடுத்தது அதைப்போல நான்கு லட்சம் மடங்குக்கும் மேல். பொறி கையில் பட்டுச் சிரிக்கும் குழந்தை, எரிந்து முடிந்த கம்பியை மிதித்தால் அலறுவது இதனால்தான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். விரதத்தைப் பற்றியும் பக்தியைப் பற்றியும் இயற்பியல் எதுவும் சொல்வதற்கில்லை. என் தந்தையாரும் பூக்குழி இறங்கியவர். ஆனால் குழியில் நின்றுவிட்டாலோ, விறகிலிருந்த ஆணி ஒன்று தணலில் கிடந்து காலில் பட்டாலோ, கால் வெந்துவிடும். பையனிடம் இதையும் சேர்த்தே சொல்லுங்கள். விளக்கம் கேட்ட பிள்ளைகள் செய்துபார்க்கக் கிளம்பிவிடுவார்கள்.

லெனேசியா சமையல் (ஜோகன்னஸ்பர்க்) எழுதியது:

ஐயா எழுதியதை இரண்டு முறை படித்தேன். பருப்பைப் பற்றிப் பேச்சு வந்ததால் எனக்கும் நெடுநாளாக ஒரு கேள்வி. நான் டர்பனில் பிறந்து வளர்ந்து, திருமணத்துக்குப் பின் இங்கு வந்தவள். அம்மா வீட்டில் வேகும் நேரத்தில் இங்கே பருப்பு வேகுவதில்லை. கடல் மட்டத்திலிருந்து நாங்கள் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடுகிறது என்று சொல்வார்கள். அது சரி. ஆனால் அடுப்பை முழுவதுமாகத் திறந்துவிட்டால் கூடுதல் வெப்பம் போகிறதே, அப்போதாவது பருப்பு சீக்கிரம் வேக வேண்டாமா? தளதளவென்று கொதிக்கிறது, வேகும் நேரமோ அப்படியே இருக்கிறது.

பழைய இயற்பியல் ஆசிரியர் எழுதியது:

அம்மா, வெப்பமும் வெப்பநிலையும் வேறு வேறு என்பதற்கு உங்கள் அடுப்பைவிட நல்ல சாட்சி கிடையாது. ஜோகன்னஸ்பர்க் ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் இருப்பதால், காற்றழுத்தம் குறைந்து, அங்கே நீர் 94 டிகிரியை ஒட்டிக் கொதிக்கிறது. கொதிக்கத் தொடங்கியபின் நீங்கள் கொடுக்கும் வெப்பம் முழுவதும் நீரை ஆவியாக்குவதில் செலவாகிறது, வெப்பநிலை ஒரு டிகிரிகூட உயர்வதில்லை. பருப்பு வேகும் வேகம் அது கிடக்கும் நீரின் வெப்பநிலையைப் பொறுத்தது. அடுப்பை ஏற்றினால் ஆவி அதிகமாகும், எரிவாயு அதிகம் தீரும், பருப்பு அதே நேரத்தில்தான் வேகும். பிரஷர் குக்கர் இதற்குச் சுற்றுவழி கண்டுபிடித்தது: அழுத்தத்தைக் கூட்டினால் கொதிநிலையே உயர்ந்துவிடும். டர்பனில் அது 120 டிகிரியை எட்டும், உங்கள் ஊரில் சற்றுக் குறைவாக இருக்கும்.

வெப்பநிலையை மாற்றாமல் உள்ளே சென்று ஒளிந்துகொள்ளும் இந்த வெப்பத்துக்குத் தமிழில் "உள்ளுறை வெப்பம்" என்று பெயர். 1760களில் கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் என்ற வேதியியலாளர் இதைக் கண்டு அளந்தார். வெப்பத்தையும் வெப்பநிலையையும் தெளிவாகப் பிரித்துப் பார்த்தவர்களில் முதன்மையானவர் அவர். 0 டிகிரிப் பனிக்கட்டி ஒரு கிராமை, 0 டிகிரி நீராக மாற்ற மட்டும் 334 ஜூல் வேண்டும். அதே நீரை 80 டிகிரி வரை சூடாக்க வேண்டிய ஆற்றல் அது. ஆனால் உருகி முடியும்வரை வெப்பநிலைமானி 0 டிகிரியிலேயே நிற்கும்.

நீராவியாகும்போது தொகை இன்னும் பெரிது: கிராமுக்கு 2,257 ஜூல். இட்லிப் பானை மூடியைத் திறக்கும்போது கையில் படும் ஆவி, கொதிநீரைவிடக் கொடுமையாகச் சுடுவதற்கு இதுவே காரணம். ஒரு கிராம் கொதிநீர் 100 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு ஆறினால் 250 ஜூல் தரும். அதே 100 டிகிரியிலுள்ள ஒரு கிராம் ஆவி தோலில் படிந்து நீராகி, பிறகு 40 டிகிரிக்கு ஆறினால் 2,500 ஜூல் தரும். வெப்பநிலை ஒன்றே, கைக்குள் செல்லும் வெப்பம் பத்து மடங்கு.

தென்கரை எழுதியது:

திருத்தியதற்கு நன்றி ஐயா. மழை உவமையைக் குறித்துவைத்துக்கொண்டேன். வெப்பம் கொடுத்தும் வெப்பநிலை உயராத நிலைமை இருப்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். இதற்கு மறுதலை உண்டா? வெப்பமே கொடுக்காமல் வெப்பநிலையை உயர்த்த முடியுமா?

பழைய இயற்பியல் ஆசிரியர் எழுதியது:

முடியும் தம்பி. உங்கள் சைக்கிள் பம்பை எடுத்து, விரைவாகப் பத்து முறை அடித்துவிட்டு அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். யாரும் அதை அடுப்பில் வைக்கவில்லை, வெப்பநிலை கூடிய பொருள் எதுவும் அதைத் தொடவில்லை. உங்கள் கை செய்த வேலை காற்றின் அக ஆற்றலாகிவிட்டது. ஜூன் மாதக் குளிரில் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொள்வதும் அதுவே.

ஒரு காலத்தில், வெப்பம் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு பாய்பொருள், அது பொருள்களுக்குள் நிரம்பியிருக்கிறது என்றே அறிஞர்கள் நம்பினார்கள். இலவாசியே போன்ற பெரிய வேதியியலாளரும் அதைத் தனிமங்களின் பட்டியலில் சேர்த்திருந்தார். மியூனிக் நகரில் பீரங்கிக் குழாய்களைத் துளையிடும் பணியை மேற்பார்த்த ரம்ஃபோர்டு பிரபு, துளையிடும்வரை சூடு ஓயாமல் வந்துகொண்டே இருப்பதைப் பார்த்து, தீராத பொருள் ஒன்று குழாய்க்குள் எப்படி இருந்திருக்க முடியும் என்று 1798இல் கேட்டார். 1840களில் ஜேம்ஸ் ஜூல், கீழிறங்கும் எடையால் நீரில் துடுப்புகளைச் சுழலவிட்டு, எவ்வளவு வேலைக்கு நீரின் வெப்பநிலை எவ்வளவு உயர்கிறது என்று அளந்து காட்டினார். அவர் பெயரையே ஆற்றலின் அலகுக்கு வைத்திருக்கிறோம். ஆகவே தம்பி முதலில் எழுதியதைப் பிழை என்று வெட்கப்பட வேண்டாம். பெரியவர்கள் பலர் அரை நூற்றாண்டுக் காலம் அந்தப் பிழையோடுதான் வாழ்ந்தார்கள்.

டோங்காட் மின்பணி எழுதியது:

நான் வீடுகளில் கீசர் பொருத்துபவன், படிப்பாளி அல்லன். ஆனாலும் இந்த வேறுபாடு தெரியாமல் மக்கள் காசை இழப்பதைத் தினமும் பார்ப்பதால் எழுதுகிறேன். குளிர்காலத்தில் சீக்கிரம் தண்ணீர் சூடாக வேண்டும் என்று தெர்மோஸ்டாட்டை 60இலிருந்து 70க்குத் திருப்பிவைக்கும் வீடுகள் ஏராளம். தெர்மோஸ்டாட் தீர்மானிப்பது எந்த வெப்பநிலையில் நிறுத்துவது என்பதை மட்டுமே. ஒரு விநாடிக்கு எவ்வளவு வெப்பம் என்பதைத் தீர்மானிப்பது உள்ளிருக்கும் எலிமென்ட். அது 3 கிலோவாட் என்றால், நீங்கள் எங்கே திருப்பிவைத்தாலும் விநாடிக்கு 3,000 ஜூல்தான். தண்ணீர் 60 டிகிரியை எட்டும் நேரம் மாறவே மாறாது.

கணக்கையும் தருகிறேன். 150 லிட்டர் கீசரில் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற 25,000 கிலோஜூலுக்குச் சற்று மேல் வேண்டும், அதாவது ஏறத்தாழ 7 யூனிட், இரண்டு மணி இருபது நிமிடம். கெட்டிலில் ஒன்றரை லிட்டரை அதே 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொதிக்கவைக்க 0.14 யூனிட் போதும். கெட்டில் நீரின் வெப்பநிலை அதிகம், ஆனால் கீசர் வாங்கிக்கொண்டது அதைப்போல ஐம்பது மடங்கு. பிரீபெய்டு மீட்டரில் இருபது எண்களைத் தட்டி நாம் வாங்குவது யூனிட்டை. டிகிரியை யாரும் விற்பதில்லை.

மின்வெட்டுக் காலத்தில் வந்த இன்னொரு சந்தேகம்: கீசருக்குப் போர்வை சுற்றினால் தண்ணீர் சூடாகுமா என்று ஒரு பெரியவர் கேட்டார். போர்வை எதையும் சூடாக்காது ஐயா, வெப்பம் வெளியேறும் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். கொதித்த பருப்பைப் பாத்திரத்தோடு வொண்டர்பேக் என்ற, சூடு வெளியேறாமல் காக்கும் தடித்த பைக்குள் வைத்தால், அடுப்பே இல்லாமல் அது வெந்துகொண்டிருப்பதும் இப்படித்தான். அந்தப் பை பருப்புக்கு எதுவும் கொடுப்பதில்லை, எடுக்கவிடாமல் பார்த்துக்கொள்கிறது.

ஞாயிறு வகுப்பு எழுதியது:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நேற்றைய வகுப்பு தமிழ் வகுப்பாகவே இல்லை, சமையலறையில்தான் நடந்தது. முதலில், 60 டிகிரியிலுள்ள ஒரு கோப்பை நீரோடு, அதே 60 டிகிரியிலுள்ள இன்னொரு கோப்பையைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். இருவர் கூசாமல் 120 என்றார்கள். சர்க்கரைக்கு அந்தக் கூட்டல் சரி, இனிப்புக்குச் சரியில்லை என்று அந்த மாணவனே அவர்களுக்கு விளக்கினான். எனக்கு அது தோன்றியிருக்காது.

பிறகு, என் கணவரின் கருவிப் பெட்டியிலிருந்து 100 கிராம் இரும்பு போல்ட்டுகளை எடுத்துக் கொதிநீரில் பத்து நிமிடம் போட்டுவைத்து, 20 டிகிரியிலுள்ள 200 கிராம் நீரில் இட்டோம். நீர் 24 டிகிரிக்குத்தான் வந்தது. அடுத்து, அதே 20 டிகிரி 200 கிராம் நீரில், 100 கிராம் கொதிநீரை நானே ஊற்றினேன். வெப்பநிலைமானி 44 காட்டியது. ஐயா கொடுத்த எண்களை வைத்துக் கணக்கிட்டால் 46.7 வர வேண்டும். மீதியைக் கிண்ணமும் காற்றும் எடுத்துக்கொண்டன என்று பிள்ளைகளே சொன்னார்கள். இரண்டும் 100 டிகிரி, இரண்டும் 100 கிராம், ஆனால் கொடுத்தது வேறு வேறு என்பதைப் பார்த்தபின், பருப்பு ஏன் சுட்டது என்று யாரும் கேட்கவில்லை.

இறுதியாக ஒரு சிறுமி கேட்டதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. காலையில் வாசல் இரும்புக் கதவைத் தொட்டால் சில்லென்று இருக்கிறது, பக்கத்திலேயே இருக்கும் மரக்கதவு அப்படி இல்லை. இரண்டும் இரவு முழுவதும் வெளியில்தான் இருந்தன. எந்தக் கதவின் வெப்பநிலை குறைவு?

பழைய இயற்பியல் ஆசிரியர் எழுதியது:

இரண்டும் ஒன்றே. விடியும்போது காற்று 12 டிகிரி என்றால் இரும்பும் 12, மரமும் 12. நம் கையின் தோல் 33 டிகிரியை ஒட்டி இருக்கும், ஆகவே இரண்டு கதவுகளுக்குள்ளும் நம்மிடமிருந்துதான் வெப்பம் செல்கிறது. இரும்பு அதை விரைவாக உள்ளே இழுத்துப் பரப்பிவிடும், மரம் தொட்ட இடத்திலேயே தேக்கிவைத்து, அந்த இடம் உடனே வெதுவெதுப்பாகிவிடும். கை உணர்வது கதவின் வெப்பநிலையை அன்று, தன்னைவிட்டு வெப்பம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதை. பூக்குழியில் பாதத்துக்கு நடந்ததும் இதேதான், திசை மட்டும் மாறியிருந்தது.

குழந்தைக்குக் காய்ச்சலா என்று நெற்றியில் கைவைத்துப் பார்க்கும் அம்மா, அப்போதுதான் குளிர்ந்த நீரில் பாத்திரம் கழுவியிருந்தால், நலமாக உள்ள பிள்ளைக்கும் காய்ச்சல் என்று சொல்லிவிடுவார். கண்ணாடி வெப்பநிலைமானியை அக்குளில் சில நிமிடம் வைத்திருக்கச் சொல்வது, அது உடம்பின் அளவுக்கே வந்து, இரண்டுக்குமிடையே வெப்பம் செல்வது நின்றபின் படிப்பதற்காக. அந்தச் சிறுமியிடம், இரும்புக் கதவையும் மரக்கதவையும் ஜனவரி மாத மதிய வெயிலில் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கையைச் சட்டென்று எடுத்துவிடும்படியும் சொல்லுங்கள்.